காய்ச்சல் வராத குரல்

விழுப்புரம் பைபாஸ் ஓரம் இருக்கிற வெற்றித் திடல் விளையாட்டு மன்றத்துக்கு ரசிகர்கள் மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. அதுவரைக்கும் மன்றத்தைப் பொறுத்தவரை ரசிகன் என்றால் சுற்றுச்சுவரை ஈரமாக்குகிறவன், கேட் ஏறிக் குதிக்கிறவன், மல்லாட்டைக் கடலைத் தோலைக் கேலரி முழுக்க இறைத்துவிட்டுப் போகிறவன், அவ்வளவுதான். கொரோனா வந்து அரங்கம் ஒன்றரை வருஷம் பூட்டிக் கிடந்தது. மறுபடி ஆட்களை விடலாம் என்று உத்தரவு வந்ததும், அதே ரசிகனின் நுரையீரலை நினைத்து மன்றம் சோறு தண்ணி இறங்காமல் தவிக்க ஆரம்பித்துவிட்டது. திண்டிவனம் மேம்பாலம் வரைக்கும் பேனர். 'ரசிகரே வருக! உம் உடல்நலம் எம் பொறுப்பு!' பேனரில் மன்றச் செயலாளர் ஜெகதீசன் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு செலவு பண்ணி பேனர் வைத்துவிட்டு முகம் தெரியாமல் போனால் எப்படி?

அந்தப் பேனரை நம்பியவர்களில் பூமாலையும் ஒருவர். ஒலக்கூர்ப் பக்கத்து ஆள். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். முதுகில் மல்லாட்டை மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறும்போதே பக்கத்து ஆளோடு ஊர் நியாயம் பேசிக்கொண்டு ஏறுவார். மூச்சு அப்படி. அவருடைய ஒரே பெண் அஸ்வினி கபடி ஆடுகிறவள்.

அப்பனுக்கும் மகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அஸ்வினி 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிரணிக் கட்டத்துக்குள் காலை வைக்கிற அதே நொடியில், வெளியே உட்கார்ந்திருக்கும் பூமாலையும் மூச்சைப் பிடித்துப் பாட ஆரம்பிப்பார். அவள் விடாத வரைக்கும் அவரும் விடமாட்டார். ஆனால் ஐம்பதைத் தாண்டிய மூச்சு வயசுப் பெண்ணின் மூச்சைவிடக் கொஞ்சம் முன்னாலேயே தீர்ந்துபோகும். தீரப்போகிற நேரத்தில் அவள் செல்லப்பேரைச் சொல்லி "திரும்பு அச்சு!" என்று ஒரு கத்தல் போடுவார். அவள் யாரைத் தொட்டிருந்தாலும் தொடாவிட்டாலும் சட்டென்று திரும்பிவிடுவாள். இரண்டு மூச்சுக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவாள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நடுவரைப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணை எதிராளிகளின் கால்மேலேயே வைத்திருக்கலாம். சின்ன வயசிலிருந்து அவள் அப்படித்தான் ஆடிப் பழகியிருந்தாள். வேறு மாதிரி ஆட அவளுக்குத் தெரியாது.

அரங்கம் திறக்கிற நாளில் நடக்கப்போவது சாதாரண ஆட்டம் இல்லை. ஒலக்கூர் அணிக்கும் மயிலம் பக்கத்து அணிக்கும் இறுதி ஆட்டம். மாநில இளையோர் அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் வருகிறார்கள். மாநில அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு. அடுத்த வருஷம் அவளுக்கு வயசு தாண்டிவிடும். ஆக, இந்த ஒரு ஆட்டம்தான்.

"எப்பா, நீ வந்துடுவ இல்ல?" என்று அணியோடு வேனில் ஏறும்போது அஸ்வினி கேட்டாள்.

"வராம எங்கடி போவேன்? மூணாவது வரிசையில ஒக்காந்துக்கினு இருப்பேன் பாரு."

"நீ இல்லன்னா எனக்குத் திரும்பவே தெரியாதுப்பா."

"அய்ய, போ. ஆட்டத்தப் பாரு."

பூமாலை வெற்றித் திடலுக்கு வந்து சேர்ந்தபோது வரிசை பைபாஸ் வரைக்கும் நின்றது. வெயில் மண்டையைப் பிளந்தது. நிழலில் நின்றால் கூட்டம் சேரும் என்று எல்லோரையும் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். அவருக்கு முன்னால் திண்டிவனத்து ஷேர் ஆட்டோக்காரர் தேவசகாயம் நின்றார். அவர் பெண்ணும் ஒலக்கூர் அணியில்தான் ஆடுகிறாள். இரண்டு பேரும் பல ஆட்டங்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கத்தித் தொண்டை கட்டியவர்கள்.

கேட்டில் ஒரு தொண்டர் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியைப் பூமாலையின் நெற்றியில் வைத்தார்.

"நூத்தி மூணு. ஒத்திப் போங்க."

"வெயில்ல நின்னுக்கினு இருந்தேன் சார். காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்த ஏர் கூலர் முன்னாடி போய் நில்லுங்க."

ஐஸ் கட்டி போட்ட கூலர். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்ததும் மறுபடி துப்பாக்கி வைத்தார்கள். "எம்பத்தெட்டு" என்றார் தொண்டர்.

தேவசகாயம் எட்டிப் பார்த்தார். "எம்பத்தெட்டுன்னா ஆளு செத்துப்போயி ரெண்டு நாளு ஆயிருக்கணும் தம்பி."

"செத்தவங்களுக்குக் காய்ச்சல் இருக்காது இல்லீங்களா? விதி காய்ச்சலப் பத்தி மட்டும்தான் சொல்லுது. உள்ள போங்க."

உள்ளே ஒரு டிரம்மில் கபசுரக் குடிநீர். டிரம்மோடு சங்கிலி போட்டுக் கட்டின ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர். முந்தின கூட்டத்தில் இரண்டு டம்ளர் காணாமல் போனதாம், அதனால் இந்த ஏற்பாடு. பூமாலை வழக்கப்படி அண்ணாந்து, டம்ளர் உதட்டில் படாமல் ஊற்றிக் குடிக்கப் பார்த்தார். சங்கிலி குட்டை. நாலு சொட்டு கீழே சிந்தியது.

"யோவ், தூக்கிக் குடிக்காத!" என்று ஒருவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். கழுத்தில் மூன்று அட்டை தொங்கியது. அவர்தான் மன்றத்தின் ரசிகர் சுகாதார ஒருங்கிணைப்பாளர் சீனுவாசன். "தூக்கிக் குடிச்சா சிந்தும். சிந்தினா தரை ஈரமாவும். ஈரத்துலதான் கிருமி குடும்பம் நடத்தும். நல்லா வாய வச்சி, ஒதட்ட மூடிக் குடிங்க. பின்னாடி நிக்கறவங்களுக்கும் அதே மாதிரி சொல்லிக் குடுங்க."

பூமாலை பிறந்ததிலிருந்து அடுத்தவர் டம்ளரில் வாய் வைத்ததில்லை. சுகாதாரத்துக்காக அன்றைக்கு வைத்தார். முன்னால் தேவசகாயம் வைத்தார், தேவசகாயத்துக்கு முன்னால் இருமிக்கொண்டே ஒரு வளவனூர்க்காரர் வைத்தார். அப்படி வரிசை மொத்தமும் வைத்தது.

குடித்தவர்களைக் கேலரிக்கு விடவில்லை. பக்கத்தில் இருந்த பழைய டேபிள் டென்னிஸ் ஹாலுக்குள் தள்ளினார்கள். வாசலில் 'ரசிகர் நல மையம்' என்று புதுப் பெயர்ப்பலகை. கிருமி வெளியிலிருந்து உள்ளே வந்துவிடக் கூடாது என்று ஜன்னல் எல்லாம் இழுத்து மூடி, இடுக்குகளில் பழுப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். சுவர் உச்சியில் ஒரே ஒரு வென்டிலேட்டர், அதுவும் ஏணி கிடைக்காததால் தப்பித்தது. ஊரே உள்ளே வந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற பிறகு கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

சீனுவாசன் மேடையில் ஏறினார். தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! கூட்டம் கூடினா நோய் பரவும். இத ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் வந்து தனித்தனியா சொல்ல எங்களால முடியுமா? முடியாது. அதனாலதான் எல்லாரையும் ஒரே ரூம்ல கூட்டி வச்சி சொல்றோம்."

தொண்டர்கள் கை தட்டினார்கள்.

"எங்க கேலரிய நீங்க பாக்கணும். ஆளுக்கு ஆறு அடி எடவெளி விட்டு வட்டம் போட்டிருக்கோம். பாண்டிச்சேரியில இருந்து ஆள் வரவழைச்சி, மஞ்சப் பெயிண்ட்டுல போட்ட வட்டம். இன்னைக்கி அந்தக் கேலரியில ஒரு கிருமி கூடக் கெடையாதுன்னு நான் சவால் விட்டு சொல்றேன். ஏன்? ஒரு மனுசன் கூட இன்னும் உள்ள போவல. இந்தச் சுத்தத்தக் கடைசி வரைக்கும் காப்பாத்திக் குடுக்கறது உங்க பொறுப்பு."

தேவசகாயம் கையைத் தூக்கினார். "அப்ப நாங்க ஆட்டம் பாக்கறது எப்ப சார்?"

சீனுவாசன் முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. "பாருங்க, நாங்க உங்க உயிரப் பத்திப் பேசறோம். நீங்க ஆட்டத்தப் பத்திப் பேசறீங்க. இந்த மனப்பான்மைதான் மூணாவது அலைய உண்டு பண்ணுது."

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. நம்மால் மூன்றாவது அலை வந்துவிடக் கூடாதே என்று பூமாலைக்கும் பயமாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் சீனுவாசன் மன்றத்தின் புதுத் திட்டத்தை அவிழ்த்துவிட்டார். ரசிகன் கத்தினால் எச்சில் தெறிக்கும், எச்சிலில் நோய் இருக்கும். ஆனால் கத்தலே இல்லாவிட்டால் ஆட்டம் எழவு வீடு போல இருக்கும் என்று சிறப்பு விருந்தினர் மனம் கோணுகிறார். ஆகவே ரசிகரின் உடம்பு இந்த ஹாலில் பத்திரமாக இருக்கும், குரல் மட்டும் அரங்கத்துக்குள் போகும். எல்லோரும் வரிசையாக வந்து மைக்கில் கத்திவிட்டுப் போக வேண்டியது. கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுகிற கோகுலகிருஷ்ணன் அதைப் பதிவு பண்ணிக்கொண்டு போய், ஆட்டத்தின்போது தேவையான இடத்தில் போடுவான்.

மைக்கும் ஒன்றுதான். ஒவ்வொருவரும் கத்தி முடித்ததும் கோகுலகிருஷ்ணன் அதன் தலையை ஒரு மஞ்சள் துணியால் துடைத்தான். அன்றைக்கு முழுக்க அதே துணிதான்.

தேவசகாயம் "போடு தாயி, போடு!" என்று கத்தினார். அடுத்து பூமாலை.

"என் கூவல் வேற மாதிரி தம்பி" என்று அவர் விளக்கப் பார்த்தார். "பொண்ணு உள்ள பாடும்போது நானும் கூடவே பாடணும். என் மூச்சு முடியறப்பதான் திரும்புன்னு சொல்லுவேன். அது எப்ப வரும்னு முன்னாடியே சொல்ல முடியாது. நான் அங்க இருந்தாதான் ஆவும். ஒரே ஒரு ஓரத்துல ஒக்காந்துக்கறேன், சார்கிட்ட நீயே சொல்லேன்."

சீனுவாசன் அவர் தோளில் அன்பாகக் கை போட்டார். "பெரியவரே, ரசிகருக்கு என்ன வேணும்? தன் குரல் உள்ள கேக்கணும். அது கேக்கும். உங்களவிடச் சத்தமாவே கேக்கும், பெரிய பெரிய ஸ்பீக்கர் பெட்டி வச்சிருக்கோம். மூச்சப் பத்தி நீங்க ஏன் கவலப்படறீங்க? அதுக்குத்தானே நாங்க இருக்கோம்? கத்துங்க."

வேறு வழி தெரியாமல் பூமாலை மைக்கைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, மகள் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு கத்தினார். "திரும்பு அச்சு!" அடுத்து நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். கோகுலகிருஷ்ணன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "செம்ம கிளியரா வந்திருக்கு பெருசு" என்றான்.

வெளியே வேட்டுச் சத்தம் கேட்டது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். பூமாலை இரண்டு நாற்காலியை ஒன்றின்மேல் ஒன்று போட்டு, தேவசகாயத்தின் தோளில் ஒரு கையை ஊன்றி ஏறி, வென்டிலேட்டர் வழியாக எட்டிப் பார்த்தார். அரங்கத்தின் பக்கக் கதவு திறந்து கிடந்ததால் களத்தில் பாதியும் கேலரியில் கொஞ்சமும் தெரிந்தன. சிறப்பு விருந்தினரோடு இருபது கார் ஆட்கள் இறங்கி, மாலை, சால்வை, கட்டிப்பிடி என்று ஒரு சுற்று முடித்துவிட்டு, கேலரியின் மஞ்சள் வட்டங்களில் வட்டத்துக்கு நாலு பேராக உட்கார்ந்தார்கள். ஒருவர் வாயிலும் துணி இல்லை.

"அவங்கள மட்டும் வுட்டுட்டீங்களே சார்?" என்று மேலிருந்தே பூமாலை கேட்டார்.

"விதிய ஒழுங்கா படிங்க. ரசிகர்களுக்குக் கட்டுப்பாடுன்னுதான் இருக்கு. அவங்க யாருக்கும் கபடி புடிக்காது, வந்தது அய்யாவுக்காக. அவங்க எப்படி ரசிகராவ முடியும்?" என்றார் சீனுவாசன்.

ஆட்டம் ஆரம்பித்தது. அஸ்வினி முதல் தடவை பாடிக்கொண்டு போனாள். மூணாவது வரிசையை ஒரு பார்வை பார்த்தாள். அங்கே ஒரு கரைவேட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தது. அவள் எதிரணிக் கட்டத்துக்குள் இரண்டு எட்டு வைப்பதற்குள் பெட்டி அலறியது. "திரும்பு அச்சு!" அப்பன் குரல்தான், சந்தேகமே இல்லை. அவள் சட்டென்று திரும்பி ஓடி வந்துவிட்டாள். யாரையும் தொடவில்லை.

ஹாலுக்குள் பூமாலை உள்ளங்கையால் சுவரில் அறைந்தார். "நான் சொல்லல! நான் இன்னும் சொல்லவே இல்லடி!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினார்.

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவள் கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே போட்டான். அந்தக் குரல் சிறப்பு விருந்தினருக்கு ரொம்பப் பிடித்துப்போனதாம். 'அத இன்னொரு வாட்டி போடச் சொல்லு' என்று ஆள் அனுப்பினார். கோகுலகிருஷ்ணனும் கலைஞன்தானே, சும்மா இருப்பானா? எக்கோ வைத்தான், கீழே டிரம்ஸ் சேர்த்தான். "திரும்பு திரும்பு தித்தித் திரும்பு அச்சு அச்சு" என்று பூமாலையின் குரல் அரங்கத்தில் குத்தாட்டம் போட்டது. மயிலம் பக்கத்துப் பெண்கள் பிடிக்க வந்த இடத்தில் நின்று சிரித்தார்கள். இடைவேளைக்கு அப்புறம் அஸ்வினி பல்லைக் கடித்துக்கொண்டாள். பெட்டி என்ன கூவினாலும் காதில் வாங்கிக்கொள்வதில்லை என்று முடிவு பண்ணிவிட்டாள். அதன் பிறகு அவள் ஆடினதுதான் ஆட்டம். இறங்கிக் கிடந்த ஒலக்கூர் அணி ஒவ்வொரு புள்ளியாக ஏறிச் சமமாக வந்து நின்றது.

கடைசிப் பாட்டு. அவள் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஜெயம்.

அந்த நேரம் பார்த்து கோகுலகிருஷ்ணன் சிறப்பு விருந்தினரோடு செல்ஃபி எடுக்கப் போயிருந்தான். பெட்டி ஊமையாக இருந்தது. அஸ்வினி உள்ளே போனாள். வென்டிலேட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பூமாலையும் பாட ஆரம்பித்தார். கபடி கபடி கபடி. கீழே அந்தக் காற்றில்லாத ஹாலில் எல்லோரும் அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் இடது ஓரத்துக்காரியின் கையைத் தொட்டுவிட்டாள். மகளின் காலுக்குப் பின்னால் இரண்டு பேர் நெருங்கி வருவதை அவர் பார்த்தார். மூச்சு முடியப்போகிறது. இருக்கிற மொத்தத்தையும் திரட்டிக் கத்தினார்.

"திரும்பு அச்சு!"

குரல் நன்றாகவே போய்ச் சேர்ந்தது. அஸ்வினியின் தலை லேசாக அசைந்ததை அவர் கண்ணால் பார்த்தார். ஆனால் அவள் திரும்பவில்லை. முதலில் தொட்டதை நடுவர் பார்த்தாரோ இல்லையோ என்று, இன்னொருத்தியையும் தொட இன்னும் ஓர் எட்டு உள்ளே வைத்தாள். பின்னால் வந்தவர்கள் கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்தாள். அவள்மேல் ஆறு பேர் விழுந்தார்கள். விசில் ஊதிவிட்டது.

"விதிமீறல்! நேரடிக் குரல்!" என்று கத்திக்கொண்டே இரண்டு தொண்டர்கள் நாற்காலியிலிருந்து பூமாலையை இறக்கினார்கள்.

பரிசளிப்பில் செயலாளர் ஜெகதீசன் பேசியது ஹாலுக்குள்ளும் கேட்டது. "ஒரு ரசிகர் கூட இன்னைக்கு இந்த அரங்கத்துல நோய்வாய்ப்படல. தமிழ்நாட்டுக்கே வெற்றித் திடல்தான் முன்மாதிரி." அதன் பிறகுதான் ஹால் கதவைத் திறந்துவிட்டார்கள்.

வெளியே வேன் பக்கத்தில் அஸ்வினி முழங்காலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தாள். "கடைசியா கூவனது நெசமாவே நீயாப்பா?" என்றாள். அவர் தலையை ஆட்டினார். "பொட்டின்னு நெனச்சிட்டேன்பா" என்று சொல்லி, அப்பன் மடியில் தலையை வைத்து அழுதாள். தேர்வாளர்கள் மயிலம் பக்கத்திலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த வாரமே ஹாலில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். தேவசகாயம் ஆசுபத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள், பெண்ணுக்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. பூமாலை ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். மன்றத்திலிருந்து போன் வந்தது. அவர் பெண்சாதி ரோஜா ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே பிடித்தாள்.

"ஒரே ஒரு கேள்விதாங்க" என்றது சீனுவாசனின் குரல். "அன்னிக்கி நீங்க கேலரிக்குள்ள கால் வச்சீங்களா?"

"இல்ல" என்று பூமாலை எப்படியோ சொல்லி முடித்தார்.

"ரொம்ப நன்றிங்க. அப்ப நீங்க எங்க ரசிகர் கெடையாது. உடம்பப் பாத்துக்கங்க."

பூமாலை பிழைத்தார். ஆனால் நுரையீரலில் பாதி வேலை செய்யவில்லை என்றார்கள். கமிட்டியில் மூட்டை தூக்குவது போச்சு. படியேறினாலே நாலு இடத்தில் நிற்க வேண்டும். அஸ்வினி திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் நின்று புடவை மடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடினாள்.

அடுத்த வருஷம் கட்டுப்பாடு எல்லாம் போனது. துப்பாக்கி இல்லை, டிரம் இல்லை, நல மையத்தை மறுபடி பூட்டிவிட்டார்கள். வெற்றித் திடலில் ஆட்டம் என்றதும் பூமாலையும் கிளம்பினார். பஸ்ஸில் அஸ்வினி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "எப்பா, கோகுல் அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். உன் குரல் இன்னும் அவுருகிட்ட இருக்குதாம். எப்ப போடணும்னு ரெண்டு நாளா கூடவே நின்னு பழக்கி வுட்டிருக்கேன். நீ சும்மா ஒக்காந்துக்கினு இருந்தா போதும்."

"சரிம்மா" என்றார் பூமாலை.

மூணாவது வரிசையில் இடம் கிடைத்தது. கேலரி நிரம்பி வழிந்தது. மஞ்சள் வட்டங்கள் செருப்புக் காலில் தேய்ந்து பாதி அழிந்திருந்தன. சீனுவாசன் மைக் பிடித்தார். "நம்ம திடலின் பெருமை, அன்னிக்கிப் பதிவு பண்ணின ரசிகர் குரல்கள்! இந்தக் குரல்களுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு காய்ச்சல் வந்ததில்ல. ஒரு இருமல் வந்ததில்ல. கேட் ஏறிக் குதிச்சதில்ல. ரசிகன்னா இப்படி இருக்கணும்!" ஜனம் ஆரவாரம் பண்ணியது. பெட்டியிலிருந்து தேவசகாயம் "போடு தாயி, போடு!" என்று உற்சாகமாகக் கத்தினார். ஆடுகளத்தில் நின்ற அவர் பெண் குனிந்து காலுறையைச் சரிபண்ணிக்கொண்டாள்.

அஸ்வினி பாடிக்கொண்டு உள்ளே போனாள். பூமாலைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கபடி, கபடி என்று இரண்டு தடவை சொல்வதற்குள் மூச்சு அறுந்து இருமல் பிடித்துக்கொண்டது. அடக்கப் பார்த்தார், அது அடங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளவட்டம் எரிச்சலோடு திரும்பினான்.

"யோவ் பெருசு, பேஜாரு பண்ணாத. கொஞ்சம் இருமாம இரு. அஸ்வினியோட அப்பா கூவப் போறாரு, கேக்க வேணாமா?"

பூமாலை துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். சரியான நேரத்தில் குரல் வந்தது. அஸ்வினி திரும்பினாள்.